வாசகர் கேள்வி–பதில்: முதியோர் பராமரிப்பு இல்லங்களும் மெடிக்கேய்ட் பதிவும்

முதியோர் இல்லங்களைப் பற்றிச் சென்ற இதழில் இப்பகுதியில் வந்த ஒரு சிறு பதிலுக்குப் பின், அதே பொருளில் ஐந்து கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் நான்கு அமெரிக்க இல்லங்களைப் பற்றியவை; ஒன்றுதான் நம் மலேசியாவைப் பற்றியது. நம் பிள்ளைகள் சிலர் பினாங்கில் அமர்ந்தபடியே அமெரிக்க மருத்துவ நிலையங்களுக்கான விண்ணப்ப வேலைகளைச் செய்கிறார்கள். வேறு சிலருக்கு அங்கே உடன்பிறந்தார் இருக்கிறார்கள். நானும் அப்படிப்பட்ட அலுவலகமொன்றில் சில ஆண்டுகள் அந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால், ஆசிரியர் ஐந்து கடிதங்களையும் என்னிடமே அனுப்பிவிட்டார்.

பாயான் லெப்பாஸ் வாசகி ஒருவர்: அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களை மெடிக்கேய்ட் என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்க்கும் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மேலதிகாரி ஒரு நாள் ‘லைசென்ஸ்’ என்கிறார், மறுநாள் ‘சர்டிபிகேஷன்’ என்கிறார். பிறகு ‘என்ரோல்மெண்ட்’, ‘கிரெடென்ஷியலிங்’ என்கிறார். நான்கும் ஒன்றுதானா? கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

நான்கும் ஒன்றல்ல. தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான், ஏனெனில் இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வதால் வருபவை.

முதலில் திட்டத்தையே பார்த்துவிடுவோம். 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத் திருத்தத்தின் வழியே, அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு புதிய தலைப்புகள் சேர்ந்தன. 18ஆம் தலைப்பு மெடிகேர். 19ஆம் தலைப்பு மெடிக்கேய்ட். மெடிகேர் பெரும்பாலும் வயதை வைத்துக் கூட்டரசே நடத்துவது. மெடிக்கேய்ட், வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்காகக் கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போட, மாநிலம் நடத்துவது. ஆகவே ஒவ்வொரு மாநிலத்திலும் அதன் பெயரும் படிவமும் மாறும்: கலிபோர்னியாவில் மெடி-கல், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னசியில் டென்கேர். மெடிகேர், மருத்துவமனையில் குறைந்தது மூன்று நாள் உள்நோயாளியாக இருந்துவிட்டு வருபவருக்கு, ஒரு நோய்க்காலத்தில் அதிகபட்சம் 100 நாள் வரை மட்டுமே பராமரிப்பு இல்லச் செலவைத் தாங்கும். அதிலும் 21ஆம் நாள் முதல் நோயாளி ஒரு பங்கைக் கட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் இல்லத்திலேயே இருக்க வேண்டியவருக்குச் சேமிப்பு கரைந்த பின் எஞ்சும் வழி மெடிக்கேய்ட்தான். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் இருப்போரில் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேருக்கு அதுவே பணம் கட்டுகிறது. அதனால்தான் இல்லங்கள் அந்தப் பதிவுக்காக இவ்வளவு பாடுபடுகின்றன. உங்களுக்கும் அதனால்தான் வேலை.

இனி அந்த நான்கு சொற்கள். லைசென்ஸ் என்பது உரிமம். அந்த மாநிலத்தில் இப்படியோர் இல்லத்தை நடத்தலாம் என்று மாநில அரசு தருவது. இல்லத்தின் நிர்வாகிக்கும் தனியே மாநில உரிமம் வேண்டும். உரிமம் இருந்தால் கதவைத் திறக்கலாம். அரசுப் பணம் வாங்க முடியாது.

சர்டிபிகேஷன் என்பது சான்றளிப்பு. கூட்டரசு விதித்துள்ள தரங்களுக்கு இல்லம் உட்பட்டிருக்கிறது என்பதை, மாநிலத்தின் ஆய்வு அமைப்பு நேரில் வந்து பார்த்து உறுதிப்படுத்துவது. இந்தத் தரங்களின் இன்றைய வடிவத்துக்கு அடிப்படை 1987இல் வந்த பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம். இருபத்துநான்கு மணி நேரமும் உரிமம் பெற்ற தாதி ஒருவர் பணியில் இருக்க வேண்டும். வாரத்தின் ஏழு நாளும், நாளுக்குத் தொடர்ச்சியாக எட்டு மணி நேரம் பதிவுபெற்ற தாதி, அதாவது கூடுதல் பயிற்சி பெற்றவர், ஒருவர் இருக்க வேண்டும். உதவித் தாதிகளுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி இருக்க வேண்டும். ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள். பராமரிப்பை ஒரு குழு பார்க்கும்; தீப் பாதுகாப்பையும் கட்டடத்தையும் தனியாக ஆய்வு செய்வார்கள். சான்று பெற்ற பிறகும், முந்தைய ஆய்விலிருந்து 15 மாதங்களுக்குள் மறுபடி வந்துவிடுவார்கள்.

என்ரோல்மெண்ட் என்பது சேர்க்கை. மாநிலத்தின் மெடிக்கேய்ட் அலுவலகம், இந்த இல்லத்துக்கு நாம் பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் அது யார் கைக்குப் போகும் என்று அலசிப் பார்த்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, இல்லத்துக்கு ஓர் எண்ணைத் தருவது. சான்றளிப்பு முதியவரின் படுக்கையைப் பார்க்கிறது என்றால், சேர்க்கை உரிமையாளரின் பின்னணியைப் பார்க்கிறது. 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் இந்த அலசல் மிகவும் கடுமையாகிவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது முழுவதும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததே.

கடைசியில் கிரெடென்ஷியலிங், அதாவது தகுதிச் சரிபார்ப்பு. பல மாநிலங்கள் மெடிக்கேய்டைத் தாமே நேராக நடத்தாமல், காப்பீட்டு நிறுவனங்களிடம் மாதத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து நடத்தச் சொல்கின்றன. அந்நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தம் கட்டமைப்பில், அதாவது தாம் பணம் கட்டும் இல்லங்களின் பட்டியலில், இல்லத்தைச் சேர்க்குமுன் தனித்தனியாகச் சரிபார்க்கும். மாநிலத்தில் ஐந்து நிறுவனங்கள் இருந்தால் ஐந்து கோப்புகள். மருத்துவருக்கான சரிபார்ப்பில் பட்டமும் பயிற்சியும் வழக்குகளும் கேட்கப்படும், இல்லத்துக்கு அப்படியல்ல. உரிமத்தின் நகல், கடைசி ஆய்வறிக்கையும் அதற்கான திருத்தத் திட்டமும், பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, தரச்சான்று ஏதேனும் இருந்தால் அது, இவைதான் முக்கியம். பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை இது திரும்ப வரும். காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டுவிட்டது, மாநிலத்தில் சேராமலே காலம் தள்ளலாம் என்று சில இல்லங்கள் முன்பு நினைத்ததுண்டு. 2018 ஜனவரி முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது: நிறுவனத்தின் கட்டமைப்பில் இருப்பவரும் மாநிலத்தின் அலசலுக்கு உட்பட்டுச் சேர்ந்தாக வேண்டும். மாநிலத்தின் முடிவு வரும்வரை நிறுவனம் 120 நாள் வரை தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். இல்லத்தின் சட்டப்படியான பெயரை, அமெரிக்க வருமான வரித் துறை வழங்கிய கடிதத்தில் உள்ளபடி, காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட, எல்லாப் படிவங்களிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். இல்லத்துக்கான பத்து இலக்க தேசிய அடையாள எண்ணைப் பெறும்போதும் அதே பெயர்தான். நான் ஒருமுறை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையில் இருந்த பெயரை ஒரு படிவத்தில் எழுதிவிட்டேன்; சட்டப்படியான பெயர் வேறு. படிவம் திரும்பி வந்தது. அதற்குள் ஏழு வாரம் போயிருந்தது. என் மேலாளர் என்னைத் திட்டவில்லை. அந்தத் திரும்பி வந்த கடிதத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜார்ஜ் டவுன் வாசகர் ஒருவர்: நாங்கள் விண்ணப்பம் செய்துகொடுத்த புதிய இல்லம் ஒன்று, உரிமம் கிடைத்த நாளிலிருந்து முதியவர்களைச் சேர்த்துப் பராமரித்துவிட்டது. இப்போது மெடிக்கேய்ட் அலுவலகம் தொடக்க மாதங்களுக்குப் பணம் தர மறுக்கிறது. விண்ணப்பம் அந்த மாதங்களுக்கு முன்பே போய்விட்டது என்று வாதாட வழி உண்டா?

விண்ணப்பம் போன தேதி இங்கே ஒரு பொருட்டே அல்ல. ஒப்பந்தம் எந்த நாளிலிருந்து செல்லும் என்பதைச் சான்றளிப்புதான் முடிவு செய்கிறது. பராமரிப்பு ஆய்வும் தீப் பாதுகாப்பு ஆய்வும் முடிந்த நாளில் எல்லா விதிகளும் நிறைவேறியிருந்தால் அந்த நாள். குறைகள் இருந்தால், அவை போதிய அளவு சரிசெய்யப்பட்ட பிற்பட்ட நாள். அதற்கு முந்தைய நாள்களுக்கான பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் சுவரில் எறிந்த பந்துபோல் திரும்பித்தான் வரும்.

இதில் உள்ள சங்கடத்தைப் புதிய உரிமையாளர்கள் பலர் முன்கூட்டியே உணர்வதில்லை. ஆய்வாளர்கள் வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டுச் சான்று தர மாட்டார்கள். மருந்து கொடுப்பதையும், உணவு ஊட்டுவதையும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதையும் நேரில் பார்க்க வேண்டும். ஆகவே ஆய்வுக்கு முன்பே சில முதியவர்கள் உள்ளே இருந்தாக வேண்டும். அந்தச் சிலருக்கான செலவை மெடிக்கேய்ட் தராது. எனவே விவரம் தெரிந்த இல்லங்கள், சொந்தப் பணம் கட்டக்கூடிய ஒரு சிலரை மட்டும் முதலில் சேர்த்து, ஆய்வு முடிந்து தேதி எழுத்தில் வந்த பிறகே மற்றவர்களுக்குக் கதவைத் திறக்கும். உங்கள் வாடிக்கையாளர் முதல் நாளே அறைகளை நிரப்பியிருந்தால், அந்த நட்டம் அவருடையதே. அதை அந்த முதியவர்களின் பிள்ளைகள் தலையில் கட்டப் பார்த்தால் வேறு சிக்கல் வரும். அந்த யோசனையை அவர் கேட்டாலும் நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. மெடிகேர், மெடிக்கேய்ட் இரண்டிலும் சேர விரும்பும் இல்லம், மெடிகேருக்கான 855ஏ படிவத்தை முதலில் அனுப்ப வேண்டும். அது பரிசீலிக்கப்பட்டு மாநிலத்துக்குப் பரிந்துரை போன பிறகே ஆய்வு வரும். மெடிக்கேய்டில் மட்டும் சேர்வது என்றால் மாநிலத்தோடு முடிந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் 2024இல் 709 டாலர், 2025இல் 730 டாலர். ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். மெடிகேருக்கு ஏற்கெனவே கட்டியவரிடம் மெடிக்கேய்ட் மறுபடி வாங்காது. இதைக் கவனிக்காமல் இரண்டு முறை கட்டிய கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர்: நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன், நண்பர்களோடு சேர்ந்து ஏற்கெனவே நடக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தை வாங்குகிறார். என்னையும் கொஞ்சம் பணம் போடச் சொன்னார். இப்போது என் பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைரேகை வரை கேட்கிறார்கள். கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அந்த இல்லத்துக்கும் என்ன தொடர்பு? கொடுப்பது பாதுகாப்பானதா?

அண்ணன் உங்களை ஏமாற்றவில்லை. சட்டம் கேட்பதைத்தான் கேட்கிறார். ஆனால் பணம் போடச் சொன்ன அன்றே இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

மெடிக்கேய்டில் சேரும் இல்லத்தில் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ ஐந்து விழுக்காடு அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயர், முகவரி, பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் என்றால் அதன் இயக்குநர்களும் அலுவலர்களும், பங்கே இல்லாவிட்டாலும், அந்தப் பட்டியலில் வருவர். இல்லத்தை அன்றாடம் நடத்தும் நிர்வாகியும் வருவார். சுற்றிவளைத்த பங்கை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் பலருக்குக் குழப்பம். அண்ணனும் நண்பர்களும் ஒரு முதலீட்டு நிறுவனம் வைத்து, அந்த நிறுவனம் இல்லத்தில் 30 விழுக்காடு வைத்திருக்கிறது, அந்த நிறுவனத்தில் உங்களுக்கு 20 விழுக்காடு என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் இல்லத்தில் உங்கள் பங்கு ஆறு விழுக்காடு. நீங்கள் பட்டியலில் வருவீர்கள். நிறுவனத்தில் உங்கள் பங்கு 10 விழுக்காடாக இருந்தால் மூன்றுதான்; பங்கின் கணக்கில் வர மாட்டீர்கள். பெயர் தெரியாமல் இருக்கட்டும் என்று பங்கை உறவினர்கள் பெயரில் துண்டு துண்டாகப் பிரித்து எழுதச் சொல்லும் ஆலோசகர் யாரேனும் வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் சேர்க்கையே ரத்தாகலாம். அதன் பின்விளைவு உங்கள் அண்ணன் தலையில்தான் விழும்.

கைரேகை ஏன் என்றால், இந்த வகை இல்லங்கள் 2023 ஜனவரி முதல் மோசடிக்கான உயர் இடர் வகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. புதிதாகச் சேரும்போதும் புதிய உரிமையாளர் வரும்போதும், ஐந்து விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களின் கைரேகையைக் கொண்டு குற்றப் பின்னணி சோதிக்கப்படும். முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் வந்து இடத்தையும் பார்ப்பார். மெடிக்கேய்ட் அலுவலகம் கைரேகை கேட்டால் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கடலுக்கு இப்பால் இருப்பவர் அந்தக் கெடுவை மனத்தில் வைத்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. மெடிகேர் ஏற்கெனவே இந்தச் சோதனையைச் செய்து முடித்திருந்தால், மாநிலம் அதையே ஏற்றுக்கொள்ளலாம். அதை அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு வேலை மிச்சமாகலாம். உங்களிடம் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டு அனுப்ப வேண்டாம். மாநில அலுவலகத்திடம் முன்பே எழுத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் வகையில் நிரப்பச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல்கள் இரண்டு உண்டு. ஒன்று பெயர். நம் கடப்பிதழில் சொந்தப் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘அனாக் லெலாக்கி’ (இன்னாரின் மகன்) என்பதன் சுருக்கம் இருக்கும். அமெரிக்கப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். ஒரு படிவத்தில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டு, இன்னொன்றில் இரண்டையும் முதற்பெயர்க் கட்டத்தில் அடைத்தால், கணினிக்கு நீங்கள் இரண்டு ஆள். எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்துகொண்டு, நிறுவனப் பதிவு, வங்கி, கைரேகை அட்டை அனைத்திலும் அதையே எழுதுங்கள்.

மற்றொன்று உறவு. உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் என்ற உறவில் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும் என்று படிவம் கேட்கும். நாம் பெரியப்பா மகனையும் அண்ணன் என்றுதான் சொல்வோம். சிலர் ஒரே தெருவில் வளர்ந்தவரையும் அப்படித்தான் அழைப்பார்கள். படிவம் கேட்பது கூடப்பிறந்தவரை மட்டுமே. நீங்கள் குறிப்பிடும் அண்ணன் கூடப்பிறந்தவர் என்றால் அந்த உறவு எழுதப்பட வேண்டும். பெரியப்பா மகன் என்றால் அந்தக் கட்டத்தில் அவரைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பணத்துக்கு அதுதான் கைரேகையைவிடப் பெரிய விஷயம். நடந்துகொண்டிருக்கும் இல்லத்தை வாங்கும்போது, பழைய உரிமையாளரின் மெடிக்கேய்ட் ஒப்பந்தம் தானாகவே புதியவருக்கு மாறிவரும். புதிய ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதால் இதை எல்லாரும் வசதி என்றே பேசுவார்கள். ஆனால் ஒப்பந்தம் தன் பழைய நிபந்தனைகளோடுதான் வருகிறது: முந்தைய ஆய்வில் கண்ட குறைகள், அவற்றுக்கு எழுதிக்கொடுத்த திருத்தத் திட்டங்கள் எல்லாம் புதியவர் பொறுப்பு. பழையவருக்கு மெடிக்கேய்ட் கூடுதலாகக் கொடுத்துவிட்ட பணம் திருப்பிக் கேட்கப்பட்டால் அதுவும் வாசலில் வந்து நிற்கக்கூடும். அமெரிக்காவில் ஒவ்வோர் இல்லத்தின் ஆய்வறிக்கையும் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும். கடைசி மூன்று அறிக்கைகளை வாங்கிப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள். உரிமை மாறிய பிறகு, 35 நாளுக்குள் புதிய உரிமையாளர் விவரம் மாநிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் அண்ணனுக்கு நினைவூட்டுங்கள்.

ஜெலுத்தோங் வாசகி ஒருவர்: என் அக்காவின் மாமியார் டெக்சாஸில் ஓர் இல்லத்தில் சொந்தப் பணம் கட்டி இருக்கிறார். பணம் தீர்ந்துவருகிறது. மெடிக்கேய்டுக்கு மாறினால் வெளியேற்றிவிடுவார்களா? அக்காவிடம் உத்தரவாதக் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

அந்த இல்லம் மெடிக்கேய்டில் சேர்ந்ததா என்பதை முதலில் பாருங்கள். சேருவதும் சேராததும் இல்லத்தின் விருப்பம். சேராத இல்லத்தில் மெடிக்கேய்ட் செல்லாது. கட்டடத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் சான்று வாங்கியிருக்கும் இல்லங்களும் உண்டு, ஆகவே அவர் படுத்திருக்கும் படுக்கை சான்று பெற்றதா என்றும் கேளுங்கள். சேர்ந்த இல்லம் என்றால், பணம் கட்டும் வழி மாறியது என்பதற்காக வெளியேற்றக் கூடாது. மெடிக்கேய்ட் நிர்ணயிக்கும் தொகையே முழுத்தொகை. மேற்கொண்டு குடும்பத்திடம் கேட்கவும் கூடாது. சேர்த்துக்கொள்வதற்கோ தொடர்ந்து வைத்திருப்பதற்கோ மூன்றாம் ஆளின் சொந்த உத்தரவாதத்தை நிபந்தனையாகக் கேட்பது கூட்டரசு விதிக்கு முரண். மாமியாரின் பணத்தைக் கையாளும் சட்டப்படியான அதிகாரம் அக்காவுக்கு இருந்தால், அந்தப் பணத்திலிருந்து கட்டுகிறேன் என்று கையெழுத்திடலாம். தன் சொந்தப் பொறுப்பில் இட வேண்டாம்.

செந்தூல் வாசகர் ஒருவர்: வாடகைக்கு எடுத்த மாடி வரிசை வீட்டில் ஒன்பது முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பதிவு செய்யவில்லை. அமெரிக்காவில் போல நம் அரசும் தலைக்கு இவ்வளவு என்று இல்லத்துக்குப் பணம் தருமா? தந்தால் எங்கே பதிய வேண்டும்?

கேள்வியின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். பணம் பிறகு, பதிவு முதலில், ஏனெனில் நீங்கள் இப்போது நிற்கும் இடம் சட்டத்துக்கு வெளியே.

1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையங்கள் சட்டம், அதாவது 506ஆம் சட்டம், நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் தங்கும் பராமரிப்பு மையம் சமூக நலத் துறையில் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஒன்பது பேர் என்றால் ஐயத்துக்கே இடமில்லை. பதிவில்லாமல் நடத்தினால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. நல்லெண்ணத்தோடு நடத்துகிறேன் என்பதைத் துறை அதிகாரி மதிக்கலாம். சட்டம் அதைப் பதிவாக எண்ணாது.

நலத் துறையின் படிவம் இதில் எளிதான பகுதிதான். அதனுடன் இணைக்க வேண்டிய மூன்று ஆதரவுக் கடிதங்களே ஆளைச் சோதிப்பவை: ஊராட்சி மன்றத்தினுடையது, உங்களுக்கு அது கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம், தீயணைப்பு மீட்புத் துறையினுடையது, சுகாதார அலுவலகத்தினுடையது. இவற்றுள்ளும் மாநகராட்சி மன்றத்தில்தான் பலர் சிக்கி நிற்கிறார்கள். குடியிருப்பு என்று அனுமதி பெற்ற வரிசை வீட்டைப் பராமரிப்பு மையமாகப் பயன்படுத்த அனுமதி வேண்டும். அக்கம்பக்கத்தார் மறுப்புச் சொன்னால் அது தடுமாறும். வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவைப்படும். மாடியில் படுக்கையோடு கிடப்பவர் யாரேனும் இருந்தால், தீயணைப்பு அதிகாரி வருவதற்கு முன்பே அவரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள். அதிகாரிக்காக மட்டும் சொல்லவில்லை.

உங்கள் ஒன்பது பேரில் மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், ஆழமான படுக்கைப் புண் என்று தாதியின் கை ஓயாமல் தேவைப்படுவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் இல்லத்தின் முக்கிய வேலை என்றால், அது மருத்துவத் தாதிமை இல்லம் என்ற வகைக்குள் போய்விடும். அதற்குச் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சேவைகள் சட்டத்தின் கீழ், முதலில் நிறுவ அனுமதி, பிறகு நடத்த உரிமம் என்று இரண்டு கட்டம். முதியோருக்கான தனியார் பராமரிப்பை ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் நோக்கில் 2018இல் 802ஆம் சட்டமும் இயற்றப்பட்டது. அது உடனடியாக நடைமுறைக்கு வரவில்லை. நலத் துறையில் விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது, உங்கள் இல்லம் இன்று எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பணம். தனியார் இல்லத்தைச் சேர்த்துக்கொண்டு, அங்கிருக்கும் ஒவ்வொரு முதியவருக்கும் இல்லத்தின் கணக்கில் மாதாமாதம் பணம் போடும் மெடிக்கேய்ட் போன்ற திட்டம் நம் நாட்டில் இல்லை. நம் அரசு வேறு வழியில் போகிறது. வாரிசற்ற, தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக்கூடிய முதியவர்களுக்குச் ஸ்ரீ கெனாங்ஙான் இல்லங்களை நலத் துறையே நடத்துகிறது. நோயுற்று ஆதரவற்றவர்களுக்கு ஏசான் இல்லங்கள் இருக்கின்றன. வீட்டிலிருக்கும் வறிய முதியவருக்கு முதியோர் உதவித் தொகை உண்டு. 2025 வரவு செலவுத் திட்டம் அதை மாதம் 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்த்தியது. அது முதியவரின் பெயரில் வருவது, இல்லத்தின் பெயரில் அல்ல. தொண்டு அமைப்புகள் நடத்தும் இல்லங்களுக்கு நலத் துறையின் மானியம் கிடைப்பதுண்டு. அதற்குப் பதிவுச் சான்றே நுழைவுச்சீட்டு.

அமெரிக்க முறைக்கு ஓரளவு பக்கத்தில் வருவது வேறொரு துறையில் இருக்கிறது. குறைந்த வருமானத்தினருக்காக 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்திலும் 2023இல் வந்த மடானி மருத்துவத் திட்டத்திலும், தனியார் கிளினிக்குகள் சுகாதார அமைச்சைச் சேர்ந்த புரொடெக்ட்ஹெல்த் நிறுவனத்திடம் பதிந்துகொண்டு, தாம் பார்த்த நோயாளிகளுக்கான தொகையைக் கேட்டுப் பெறுகின்றன. ஆனால் அவை பரிசோதனைக்கும் சில்லறை நோய்களுக்குமானவை. உங்கள் இல்லத்தின் அரிசிக்கும் கட்டிலுக்கும் அதில் இடமில்லை. உங்கள் முதியவர்களில் தகுதியுள்ளவர்களை அருகிலுள்ள கிளினிக்குக்கு அழைத்துச் சென்று அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம், அது இலவசம்.

ஆகவே நாளை காலை செய்ய வேண்டியது, மாநகராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், உங்கள் முகவரியில் பராமரிப்பு மையத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்பது. கிடைக்காது என்றால் மற்ற இரண்டு கடிதங்களுக்காகப் பணம் செலவழிக்காமல், தனி வீடொன்றைத் தேடத் தொடங்குங்கள். கிடைக்கும் என்றால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு தீயணைப்புத் துறைக்குப் போங்கள். ‘எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், ஐயாயிரம் கொடுங்கள்’ என்று வருபவரிடம் கொடுக்காதீர்கள்; அந்த ஐயாயிரத்தில் அவசர விளக்குகளையும் தீயணைப்பான்களையும் வாங்கி மாட்டிவிடலாம், அதிகாரி கண்ணில் முதலில் படுவது அவைதான்.